நாற்பத்தோராவது குடும்பம்

தெலுங்கு நாட்டில், போலாரத்தில் பட்டாளத்துக் குடியிருப்புகளை ஒட்டி ஒரு பழைய பங்களா. அதன் பின்பக்கம், ஒரு காலத்தில் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய இரண்டு அறை வீட்டில்தான் மெட்டில்டா பிறந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா ராணுவ மெஸ்ஸில் சமையல்காரர். அவர் கண்ணை மூடியபோது மெட்டில்டாவுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா சவுரியம்மாளுக்கு இழுப்பு நோய். கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. "எங்கம்மாவும் என்கூட வருவாங்க, சம்மதமா?" என்று மெட்டில்டா வாசலிலேயே கேட்பாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போவார்கள். யோசித்து முடித்தவர் ஒருவரும் இல்லை.

மாரெட்பள்ளியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பிறந்த குழந்தையை முதன்முதலில் துடைத்துக் குளிப்பாட்டுவது அவள் கைதான். அழுகையைக் கேட்டே பசியா, வயிற்று வலியா, சும்மா வீம்பா என்று சொல்லிவிடுவாள். டாக்டரம்மாவே சில நேரம், "மெட்டில்டா, நீ வந்து பாரு" என்று கூப்பிடுவது உண்டு.

ஜெபிப்பது அவளுக்குப் பஸ்ஸில்தான். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் நெரிசலில் அறுந்துவிடும் என்று, பத்து மணி வைத்த மோதிரம் ஒன்றை விரலில் போட்டிருப்பாள். ஆல்வால் ஸ்டாப்பில் முதல் மந்திரம் தொடங்கினால், கார்கானா வருவதற்குள் ஐந்து சுற்று, ஒரு மாலை முடிந்துவிடும். கண்டக்டர் டிக்கெட் கேட்டால் பாஸை நீட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். அவருக்கும் அது பழகிப் போயிற்று.

இந்த வருடம் தவக்காலத்தில் சவுரியம்மாள் போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் கிடக்கவில்லை. சாயங்காலம் கஞ்சி குடித்தாள், மகளின் தோளில் சாய்ந்தாள், அவ்வளவுதான்.

அவர்கள் மாதா கோவில் பங்கில் தமிழர் குறைவு. பங்குச்சாமியான பாதிரியார் தெலுங்கர். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை தமிழில் நடக்கும், மாதம் ஒருமுறை தமிழ்க் குடும்பங்கள் மட்டும் கூடி ஜெபிக்கும் அன்பியம் உண்டு. அந்த அன்பியத்துக்குப் பெரிய நாள் செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாள். முந்தின நாள் மாலை ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் மைக்கில் வாசிப்பார்கள். கூடவே அந்தக் குடும்பத்தின் வேண்டுதல் ஒன்றையும் வாசிப்பார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி, இப்படி. பெயர் வாசிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து போய் மாதா சுரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி வைக்க வேண்டும். "சவுரியம்மாள் குடும்பம்" என்று கேட்டதும் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுவாள். மெட்டில்டா கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். அந்தக் குடும்பம் அவர்கள் இரண்டு பேர்தான்.

இந்த வருடம் தான் ஒருத்தியாக எழுந்து போவதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போக வேண்டும். இறந்தவர்கள் வரிசையில் அம்மாவின் பெயர் முதல் முறையாக அந்தக் கோவிலில் ஒலிக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

ஆகஸ்ட் மாதம் முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் ஞானோபதேச அறையில் அன்பியக் கூட்டம். டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அன்பியத்தின் செயலாளர் ஜேசுராஜ், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எழுதிப் பழகும் வெள்ளைப் பலகையில் இருந்த நோவாவின் பேழைப் படத்தை அழித்துவிட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஐந்து சைபர் போட்டார்.

"இந்த வருஷம் மாதாவுக்கு ஒரு லட்சம் அருள் நிறை மந்திரம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மெட்டில்டாவும் தட்டினாள்.

"லட்சம்னா மலைக்காதீங்க. பாக்கத்தான் பெரிய எண். உள்ள பிரிச்சுப் பாத்தா ரெண்டே ரெண்டு சரக்குதான். அஞ்சு ரெண்டு, அஞ்சு அஞ்சு." இரண்டுகளையும் ஐந்துகளையும் பெருக்கல் குறி போட்டு வரிசையாக எழுதினார். "மூணுக்கு இதுல இடமில்ல. ஏழுக்கு இடமில்ல. ரெண்டாலயும் அஞ்சாலயும் மட்டும் ஆன எண்தான் இதுக்குள்ள மிச்சமில்லாம போகும். முப்பத்திரெண்டு போகும். அப்பறம் நாப்பது போகும். அப்பறம் அம்பதுதான். நாப்பது குடும்பம்னு வெச்சா, ஆளுக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு. மாலைக்கு அம்பது மணி, அப்போ சரியா அம்பது ஜெபமாலை. அம்பது அம்பது! மாதாவே போட்டுக் குடுத்த கணக்கு மாதிரி இருக்கு."

"தொடக்கத்துல மூணு மணி இருக்கேங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது கணக்குல வராது."

"மாதா பாவம், மூணு மணி ஓசி!" என்று பின்னால் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு, இரண்டாயிரத்து ஐநூறு என்று அச்சடித்த சின்ன அட்டையைக் கொடுத்தார். கூப்பிட்டு முடிந்தது. நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். மெட்டில்டா மறதியாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"அண்ணா, எங்க வீட்டு அட்டை?"

ஜேசுராஜ் குரலைத் தாழ்த்தினார். "உக்காரும்மா. உன்கிட்ட தனியா சொல்லணும்னு இருந்தேன். நம்ம அன்பியத்துல மொத்தம் நாப்பத்தியொண்ணு குடும்பம். நாப்பத்தியொண்ணு பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாத ஜாதி. அது லட்சத்துக்குள்ள போகவே போகாது. ஒண்ண விட்டாத்தான் நாப்பது வரும். யார விடறதுன்னு யோசிச்சோம். அம்மாவும் போயிட்டாங்க. இப்போ நீ தனி ஆளு. தனி ஆள எப்படிம்மா குடும்பம்னு சொல்றது?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், அப்போதும் கோபம் வரவில்லை. கெஞ்சத்தான் தோன்றியது. "நாப்பது வீடும் சொல்லட்டும்ணா. அதுக்கு மேல நானும் சொல்றேன். ரெண்டாயிரத்தி ஐநூறும் சொல்றேன்."

"அப்போ லட்சம் தாண்டிடும்மா. பேனர் அடிச்சாச்சு. நேந்துக்கிட்டது லட்சம். குறைஞ்சாலும் தப்பு, கூடினாலும் தப்பு."

"அப்போ அம்மா பேரு?"

"அதுக்கென்ன, எங்க வீட்டுப் பேருக்குக் கீழ சேத்துப் படிச்சிடறேன். எங்க பங்குல நூறு நூத்தம்பது நீ சொல்லிக் குடுத்துடு. சரியா? ஹவ் சொல்லு."

அவள் ஆமாம் என்கிற ஹவ்வும் சொல்லவில்லை, வேண்டாம் என்கிற நக்கோவும் சொல்லவில்லை. கையில் இருந்த டீயைக் குடிக்காமல் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கோபம் மறுநாள் காலை பஸ்ஸில்தான் வந்தது. ஆல்வால் வந்தும் வாய் திறக்கவில்லை. மோதிரத்தின் முதல் மணியில் கட்டைவிரல் நின்றுவிட்டது. 'அவர் வீட்டுப் பேருக்குக் கீழயா? ஆயுசு பூரா ஒருத்தர் வீட்டு நிழல்லயும் ஒதுங்காத எங்கம்மா, செத்த பிறகு இன்னொரு வீட்டுக்குக் கீழயா?' லோத்குண்டாவில் ஏறிய கூட்டம் அவளை இடித்துத் தள்ளியது. வழக்கமாக நகர்ந்து கொடுப்பவள், அன்று நகரவில்லை. எண்ணுக்காக ஜெபமா, ஜெபத்துக்காக எண்ணா? லட்சம் என்ற அந்தப் பெரிய எண் கசங்காமல் மடிய வேண்டுமாம். அதற்கு ஒரு ஆத்துமாவைக் கத்தரித்து எறியலாமாம். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தொட்டில்தான் மிச்சம் இருக்கும்போது இரட்டைக் குழந்தை பிறந்தால், ஒன்றைத் தொட்டிலில் போட்டுவிட்டு மற்றதைத் தரையில் வைப்பார்களா? அப்படிச் செய்தால் அவள் அந்த ஆஸ்பத்திரியைக் கொளுத்திவிட மாட்டாளா?

தான் இப்படியெல்லாம் நினைப்பதைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. "மன்னிச்சிடும்மா" என்று மாதாவிடம் சொன்னாள். சொல்லியும் கோபம் ஆறவில்லை.

குழந்தைகளின் துணியை மடித்துக்கொண்டே நர்ஸ் நஸ்ரினிடம் கொட்டித் தீர்த்தாள். நஸ்ரின் ஆஸ்பத்திரியில் பழகிக் கற்ற தமிழில் உருதுவைக் கலந்து பேசுவாள்; மெட்டில்டா அவளுக்கு ஆப்பா, அக்கா. "என்ன ஆப்பா இது! துவா கேக்கறதுக்கும் ஹிசாபா, கணக்கா? கைக்கு, எதுக்கு?" என்று வாயில் கை வைத்தாள். "அவரு அல்லாகிட்ட போயி, ரவுண்டா கொண்டாந்திருக்கேன் ரசீது குடுன்னு கேப்பாரா?"

மெட்டில்டா சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் பங்குச்சாமியைப் பார்க்கப் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார், நெற்றியைத் தடவினார். "மீ தமிழ்வாள்ளு மீரே மாட்லாடுகோண்டி அம்மா" என்றார். உங்கள் தமிழர்களுக்குள் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று பொருள். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே ஜேசுராஜ் வீட்டுக்கு நடந்தாள்.

லுங்கியோடு சோபாவில் உட்கார்ந்து அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஸ்டெல்லா காப்பி கலக்க எழுந்தாள். கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் பிளெசி, அன்று வீட்டிலிருந்தே வேலை, சாப்பாட்டு மேசையில் லாப்டாப்போடு இருந்தாள்.

"உக்காரு மெட்டில்டா" என்றாள் ஸ்டெல்லா.

"உக்கார வரல அண்ணி." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அண்ணாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நாப்பத்தியொண்ணு போகாது, போகாதுன்னு சொன்னீங்களே, வகுத்துப் பாத்தீங்களா?"

ஜேசுராஜ் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "வகுத்துப் பாக்க என்னம்மா இருக்கு? நாப்பத்தியொண்ணு பகா எண்ணுன்னு தெரியும். லட்சத்துல ரெண்டும் அஞ்சும் தவிர வேற இல்லன்னு தெரியும். போகாதுன்னு தெரிஞ்சப்பறம் எதுக்கு வகுக்கணும்?"

"போகாதுன்னா, எவ்ளோ போகாது?"

"என்ன கேள்வி இது? போகாதுன்னா போகாது. அது அந்த எண்ணோட ஜாதி."

"மனுசங்கள விட்டுட்டு இப்போ எண்ணுக்கும் ஜாதி பாக்கறீங்களா? என்ன ஜாதின்னு தெரிஞ்சதும் வாசல்லயே நிறுத்திடுவீங்க. உள்ள வந்தா எவ்ளோ இடம் அடைக்கும்னுகூட பாக்க மாட்டீங்க. அப்படித்தானேண்ணா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"அது நல்லாத்தானே கேக்குது?" காப்பியோடு வந்த ஸ்டெல்லா நடுவில் புகுந்தாள். "நான் முறுக்கு பங்கு வெச்சா, மிச்சம் எவ்ளோன்னு பாப்பேன். மிச்சம் வரும்னு தெரிஞ்சதுமே ஒரு பிள்ளைய எழுப்பி வெளிய அனுப்புவேனா? ஏய் பிளெசி, போன்ல போடுடி."

பிளெசிக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் வரும். போனைத் தட்டினாள். "டூ ஃபோர் த்ரீ நைன் பாயிண்ட் ஸீரோ டூ ஃபோர் த்ரீ நைன்... அகெய்ன் ஸீரோ டூ ஃபோர் த்ரீ நைன்... சேம் நம்பர்ஸே ரிபீட் அவுத்துன்னாயி, டாடி."

"பாத்தியா!" ஜேசுராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புள்ளிக்குப் பின்னால முடிவே இல்லாம ஓடுது. இத எப்படி அட்டையில அச்சடிக்கறது?"

"புள்ளி எனக்கு வேணாம்ணா. முழுசு முழுசா எல்லாருக்கும் குடுத்துட்டா, கையில எத்தன மிச்சம்?"

பிளெசி மறுபடி தட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு முறை தட்டினாள்.

"ஒக்கட்டே மிகிலிந்தி, டாடி."

"என்னடி ஒண்ணு? ஒரு ஆயிரமா?" என்றாள் ஸ்டெல்லா.

"லேது மம்மி. ஒன். ஒன் ஹெயில் மேரி."

ஜேசுராஜ் நம்பவில்லை. போனை நம்பாதவர் அவர். பழைய காலண்டர் தாளைத் திருப்பி, கையாலேயே போட்டார். நாற்பத்தொன்றை இரண்டாயிரத்து நானூற்று முப்பத்தொன்பதால் பெருக்கினார். வரிசையாக ஐந்து ஒன்பது வந்து நின்றது. லட்சத்துக்கு ஒன்று குறைவு. பேனாவை மூடவும் மறந்து அந்த ஒன்பதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெட்டில்டா ஐநூறு மிச்சம் வரும், அறுநூறு மிச்சம் வரும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். வரட்டும், ராத்திரியெல்லாம் கண் விழித்து அதை நான் சொல்லித் தீர்க்கிறேன் என்று சண்டை போடத்தான் வந்திருந்தாள். ஒன்று என்று கேட்டதும் அந்தக் காலண்டர் தாளை நோக்கி ஓரடி வைத்தாள். சந்தோஷத்தால் இல்லை.

"ஒண்ணு" என்றாள். "ஒரு மந்திரம். சொல்லி முடிக்க ரெண்டு மூச்சு பிடிக்குமாண்ணா? அதுக்காக எங்கம்மா பேர வெளிய தள்ளினீங்க. நான் குடும்பமே இல்லன்னீங்க. இத்தன வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே சொன்னதெல்லாம் யாருக்குச் சொன்னேன்? லட்சத்துக்குள்ள என்னென்ன இருக்குன்னு பலகையில பிரிச்சு எழுதினீங்களே, நாங்க அதுக்குள்ள எவ்ளோ அழகா அடங்கறோம்னு ஒரு தரம் பாக்கத் தோணலயே உங்களுக்கு?"

ஜேசுராஜ் பேனாவை மூடினார். டிவியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிம்மா" என்றார் ஜேசுராஜ் கடைசியில். "நாப்பத்தியொண்ணே வெச்சிக்கலாம். குடும்பத்துக்கு நாப்பத்தெட்டு மாலை, அதுக்கு மேல முப்பத்தொம்பது மணி. பாக்க லட்சணமா இல்ல, போகட்டும். மிச்சம் அந்த ஒண்ண நீயே சேத்துச் சொல்லிடு. உனக்கு மட்டும் ரெண்டாயிரத்தி நானூத்தி நாப்பதுன்னு எழுதிடறேன்."

"கைக்கு?" அவள் குரல் உயர்ந்தே விட்டது. "மிச்சம் மீதியெல்லாம் எனக்கா? மத்தவங்களுக்கு என்னவோ அதேதான் எனக்கும். ஒரு மணி குறைய வேணாம், ஒரு மணி கூட வேணாம். குறைஞ்சாலும் தப்பு, கூடினாலும் தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ஒண்ண நீங்க சொல்லுங்க. திருநாளுக்கு முந்தின நாள், மைக்குல. எப்படி மிச்சம் வந்துச்சுன்னு நாலு பேருக்குச் சொல்லிட்டுச் சொல்லுங்க."

காப்பியைக் குடிக்காமலே கிளம்பினாள். வாசல் வரைக்கும் வந்த ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையை மெட்டில்டா விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அட்டைகள் மாறின. வாட்சப் குரூப்பில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "அம்பதுன்னா ஈஸியா இருந்துச்சு, இது என்ன முப்பத்தொம்பது மணி?" என்று ஒருவர் எழுதினார். ஜேசுராஜ் அதற்கு, "ஒவ்வொரு மணியாகத்தான் சொல்கிறோம்" என்று மட்டும் பதில் போட்டிருந்தார். மெட்டில்டா ஆல்வாலில் மறுபடி வாயைத் திறந்தாள். தன் பங்கை முடித்ததும் நிறுத்தினாள். இன்னும் ஒன்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. மற்ற மந்திரங்களைத் திருநாளுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மாதாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் ஏழாம் தேதி மாலை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஜேசுராஜ் ஒவ்வொரு குடும்பமாக வாசித்தார். கடைசியில், "மெட்டில்டா குடும்பம். காலமான தாயார் சவுரியம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார். அவள் எழுந்தாள். பிடித்துக் கூட்டிப் போக இந்த முறை ஒரு கை இல்லை. ஈரத் தரையில் பார்த்துப் பார்த்து நடந்து, மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் பெயர் ஒலிபெருக்கியில் ஒலித்தது போதும், இனி ஒன்றும் வேண்டாம் என்றுதான் இருந்தது.

ஆனால் ஜேசுராஜ் மைக்கை விட்டு நகரவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தொண்ணூத்தி ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தி ஒம்பது ஆச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு. நாப்பத்தியொண்ணு குடும்பத்துக்குப் பங்கு வெச்சதுல மிச்சம் வந்தது. நான்... வகுத்துப் பாக்காமயே ஒரு குடும்பத்த வேணாம்னு சொல்லிட்டேன். அந்தத் தப்பு என்னுது. அதனால இத நான் சொல்றேன்."

முழங்கால் வலிக்காரர். பீடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முட்டி போட்டார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, பாதி மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினார். பாதியில் நிறுத்துவதுதான் வழக்கம். முதல் பாதியை ஒருவர் சொன்னால், அடுத்த பாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். மனிதர் பேசியதைக் கேட்டுத் திகைத்துப் போயிருந்த கோவில், பதில் சொல்ல மறந்து நின்றது.

மெட்டில்டா உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் சொன்னதற்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. பாதியில் நின்றால் லட்சம் ஆகாது என்பதும் தோன்றியது. அம்மாவுக்காக நேர்ந்துகொண்டது அந்த லட்சத்தில்தான் இருந்தது.

"தூய மரியே" என்று அவள்தான் முதலில் தொடங்கினாள். கோபம் முழுதும் ஆறாத குரல், கொஞ்சம் கரகரவென்றுதான் வந்தது. இரண்டாவது சொல்லில் ஸ்டெல்லா சேர்ந்தாள். பிறகு கோவில் முழுவதும் சேர்ந்தது.